முகப்பு விளக்கு எதிரொளிப்பான் புதுப்பித்தல்

முகப்பு விளக்கு எதிரொளிப்பான் என்பது தானுந்தின் முகப்பு விளக்கினுள், மின்குமிழைச் சூழ்ந்து அமைந்துள்ள குழிவான ஆடிப் பரப்பு ஆகும். இது பேச்சு வழக்கில் ஹெட்லைட் ரிஃப்ளெக்டர் எனப்படுகிறது. மின்குமிழ் பல திசைகளிலும் வெளியிடும் ஒளியைத் திரட்டி, சாலையை நோக்கிக் கற்றையாக அனுப்புவது இதன் பணியாகும். பழைய தானுந்துகளில் இப்பரப்பு நாளடைவில் மங்கியும் உரிந்தும் போகிறது. அதனை மீண்டும் பயன்தரும் நிலைக்குக் கொண்டுவருதலே எதிரொளிப்பான் புதுப்பித்தல் ஆகும்.

அமைப்பு

பழைய வட்ட விளக்குகளின் எதிரொளிப்பான் பரவளைய வடிவம் கொண்டது. பரவளையத்தின் குவியத்திலிருந்து புறப்படும் ஒளிக்கதிர்கள் அதன் பரப்பில் பட்டு இணைகதிர்களாக வெளியேறும். எச்4 வகை ஆலசன் மின்குமிழில் இரு இழைகள் உள்ளன. உயர் கற்றைக்கான (பிரைட்) 60 வாட் இழை குவியத்தை ஒட்டியும், தாழ் கற்றைக்கான (டிம்) 55 வாட் இழை அதற்குச் சற்று முன்னும் அமையும். இழை சில மில்லிமீட்டர் இடம் மாறினாலே கற்றையின் வடிவம் கெடும்.

எதிரொளிப்பானின் அடித்தளம் எஃகுத் தகடாகவோ வெப்பம் தாங்கும் நெகிழியாகவோ இருக்கும். அதன்மேல் வழவழப்பான அடிப்பூச்சும், அதன்மேல் வெற்றிடத்தில் படியவைத்த அலுமினியப் படலமும், எல்லாவற்றிற்கும் மேலாக ஒளிபுகும் காப்புப் பூச்சும் உள்ளன. அலுமினியப் படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 100 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. ஆகவே பாத்திரத்தைப் போல் இதனைத் தேய்த்துத் துலக்க இயலாது. துலக்கினால் படலமே அகன்றுவிடும்.

தேய்வுக்கான காரணங்கள்

* கண்ணாடிக்கும் எதிரொளிப்பானுக்கும் இடையிலான அடைப்பு பழுதாகி ஈரமும் தூசியும் உட்புகுதல்
* எஃகு அடித்தளம் துருப்பிடித்து மேற்படலத்தை உரித்தல்
* மின்குமிழின் வெப்பத்தால் காப்புப் பூச்சு கருகுதல்
* குறிப்பிட்ட அளவினும் கூடிய, 100 வாட் போன்ற மின்குமிழ்களைப் பொருத்துதல்

விளைவுகள்

புதிய அலுமினியப் பரப்பு தன்மேல் படும் ஒளியில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எதிரொளிக்கும். இது 60 விழுக்காடாகக் குறைந்ததாகக் கொண்டால், சாலையை அடையும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு இழக்கப்படும். ஒளிச்செறிவு தொலைவின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் குறைவதால், முன்பு 100 மீட்டரில் கிடைத்த ஒளி இப்போது ஏறத்தாழ 82 மீட்டரில்தான் கிடைக்கும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் தானுந்து ஒரு நொடியில் 16.7 மீட்டர் கடக்கிறது. எனவே ஓட்டுநர் ஏறத்தாழ ஒரு நொடி அவகாசத்தை இழக்கிறார்.

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் செல்லும் சாலை காப்புக்காடு வழியே வளைந்து இறங்குகிறது. இங்கு யானைகள் சாலையைக் கடப்பதுண்டு. கருஞ்சாம்பல் நிற யானை ஒளியை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்பும் என்பதால், இருளில் அதனைக் காண முகப்பு விளக்கே துணை. தேசிய நெடுஞ்சாலை 44-இல் உள்ள தொப்பூர் கணவாயும் இறக்கமும் வளைவும் கொண்ட, விபத்துகள் மிகுந்த பகுதியாகும். இத்தகைய சாலைகளில் அந்த ஒரு நொடி முக்கியமானது.

புதுப்பிக்கும் முறைகள்

முதலில் மின்குமிழுக்கு வந்துசேரும் மின்னழுத்தத்தை அளந்து பார்த்தல் வேண்டும். பழைய கம்பிகளாலும் இணைப்புகளாலும் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால், ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். இக்குறை எதிரொளிப்பானைச் சார்ந்தது அன்று.

தூய்மையாக்கல்: படலம் முழுமையாக இருந்து தூசி மட்டும் படிந்திருந்தால், காய்ச்சி வடித்த நீரில் மென்மையான சோப்பைச் சிறிதளவு கலந்து ஊற்றி அலசி, தேய்க்காமல் உலரவிடலாம்.

மீள் அலுமினியப் பூச்சு: உரிந்த பரப்புக்கு இதுவே முழுமையான தீர்வு. எஃகு எதிரொளிப்பானின் பழைய படலமும் துருவும் நீக்கப்பட்டு, புதிய அடிப்பூச்சு சூடேற்றி உலர்த்தப்படும். பின்னர் வெற்றிடக் கலத்தில் டங்ஸ்டன் இழையில் அலுமினியம் ஆவியாக்கப்பட்டு, பரப்பின்மீது படியும். இறுதியில் காப்புப் பூச்சு இடப்படும்.

பிற முலாம்கள்: வெள்ளி நன்கு எதிரொளிக்கும்; ஆனால் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுத்துவிடும். குரோமியம் நீடித்து உழைக்கும்; எனினும் அதன் எதிரொளிப்பு ஏறத்தாழ 65 விழுக்காடே.

மாற்றுதல்: 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் போன்ற தானுந்துகளில் 7 அங்குல வட்ட விளக்கு பொருத்தப்பட்டிருந்தது. இது பரவலாகப் பயன்படும் அளவு என்பதால் விளக்கு முழுவதையும் மாற்றுவது எளிது. இழையும் எதிரொளிப்பானும் கண்ணாடியும் ஒன்றாக மூடப்பட்ட சீல்டு பீம் வகையை மாற்றத்தான் வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

வெள்ளிநிறத் தெளிப்பு வண்ணம் அடிப்பதும் அலுமினியத் தாள் ஒட்டுவதும் பயன் தருவதில்லை. இவை பளபளப்பாகத் தோன்றினாலும் ஒளியைச் சிதறடித்து, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். கூடுதல் வாட் மின்குமிழும் தீர்வன்று. அதன் வெப்பம் எஞ்சியிருக்கும் படலத்தையும் விரைவில் கெடுக்கும்.

கற்றையைச் சரிசெய்தலும் சட்டமும்

விளக்கை மீண்டும் பொருத்தியபின் கற்றையின் திசையைச் சரிபார்த்தல் இன்றியமையாதது. தானுந்தைச் சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தொலைவில் நிறுத்த வேண்டும். தாழ் கற்றையின் மேல்விளிம்பு, விளக்கின் மைய உயரத்தைவிட ஏறத்தாழ 10 செ.மீ. தாழ்வாகச் சுவரில் விழுமாறு அமைப்பது வழக்கம். இந்தியாவில் வாகனங்கள் இடப்புறம் செல்வதால், அவ்விளிம்பு இடப்பக்கம் உயர்ந்திருக்கும் விளக்குகளே பொருத்தமானவை.

முன்விளக்குகள் பிறர் கண்ணைக் கூசச் செய்யாதவாறு கீழ்நோக்கி அமைய வேண்டும் என்பதை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி வலியுறுத்துகிறது. தனியார் தானுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் பதிவைப் புதுப்பிக்க வாகனம் ஆய்வுக்கு உட்படுத்தப்படும்போது விளக்குகளும் சோதிக்கப்படுகின்றன.