கவ்வாலி கடல் கடந்த வரலாறு

இசை குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதத்துள் நாம் இங்கு நுழையவில்லை. ஓர் இசைத்தொகுப்பின் வரலாறு தரும் படிப்பினையை மட்டும் நோக்குவோம்.

‘கவ்வாலி’ என்பது, சொல்லைக் குறிக்கும் ‘கவ்ல்’ எனும் அரபு மூலத்திலிருந்து பிறந்தது. இறைவனையும் நபிகளாரையும் புகழும் சொற்களே அதன் உயிர். அக்கலையில் தலைசிறந்து விளங்கிய பாகிஸ்தானின் நுஸ்ரத் ஃபதே அலி கான், கனடா நாட்டு இசைக்கலைஞர் மைக்கேல் புரூக்குடன் இணைந்து உருவாக்கிய ‘மஸ்த் மஸ்த்’ எனும் தொகுப்பு 1990இல் வெளிவந்தது. தபலாவுடன் கிதார் சேர்ந்தது, பாடல்கள் சுருங்கின, பலவற்றில் சொற்களுக்குப் பதிலாக ஸ்வரங்களே ஒலித்தன. மொழி அறியாதோரும் செவிமடுத்தனர். ‘மாசிவ் அட்டாக்’ எனும் இங்கிலாந்துக் குழு அதன் தலைப்புப் பாடலை நடன இசைக்கேற்ப மாற்றியமைத்தது. 1995இல் வெளியான ‘டெட் மேன் வாக்கிங்’ திரைப்படத்திற்காக ராக் பாடகர் எடி வெட்டர் நுஸ்ரத்துடன் இணைந்து பாடினார்.

ஆயினும், ‘மஸ்த் மஸ்த்’ பதிவுகளைத் தொகுக்கையில் சில வரிகள் பாதியில் வெட்டப்பட்டுப் பொருளிழந்தன. அவற்றை நுஸ்ரத் ஏற்கவில்லை. ஓசை பரவுவதற்காகச் சொல்லின் பொருளைப் பலியிட அவர் உடன்படவில்லை.

நம் இல்லங்களில் பிள்ளைகள் ஓதும் பைத்துகளும் இவ்வாறே. ராகம் விரைவில் நாவில் படிந்துவிடுகிறது. பொருளை நாமே அமர்ந்து சொல்லித்தர வேண்டும். அதற்கான தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக.