முதலில் வந்த காண்ட்லா, முந்திப் போன காவ்ஷியுங்

நான் இருக்கும் பொம்மனஹள்ளியிலிருந்து ஓசூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் எலெக்ட்ரானிக் சிட்டி. 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருக்கு வந்ததிலிருந்து இங்கே சிப் டிசைன் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சிப்பைத் துண்டாக்கி, கம்பி இணைத்து, உறை போட்டு, சோதித்து அனுப்பும் பேக்கேஜிங் வேலை மட்டும் தைவானுக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டது. ஏதோ அட்டைப்பெட்டி சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள் :-) இன்றைய ஏஐ சிப்களில் பிராசசரையும் மெமரியையும் நெருக்கி உட்கார வைப்பது இந்த வேலைதான்.

ஏன் அங்கே போனது? கூலி மலிவு என்பார்கள். நம்மிடமும் மலிவுதானே! ஏற்றுமதி மண்டலமும் நம்மிடம்தான் முதலில் வந்தது. குஜராத்தின் காண்ட்லா 1965, தைவானின் காவ்ஷியுங் 1966, பினாங்கின் பாயன் லெபாஸ் 1972.

வித்தியாசம் வேலிக்கு வெளியே இருந்தது. தைவான் 1973-ல் இட்ரி என்ற ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கி, 1976-ல் அமெரிக்காவின் ஆர்சிஏ கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, தன் இன்ஜினியர்களை அங்கேயே அனுப்பிக் கற்க வைத்தது. 1984-ல் காவ்ஷியுங்கில் பிறந்த ஏஎஸ்இ இன்று உலகின் மிகப்பெரிய பேக்கேஜிங் கம்பெனி. நாமோ மண்டலத்துக்குள் சலுகை, வெளியே லைசென்ஸ் என்று வைத்திருந்தோம். உள்ளே கற்றது வெளியே வர வழியே இல்லை. மொஹாலியில் அரசு கட்டிய சிப் ஆலையும் 1989-ல் தீக்கிரையானது.

பினாங்கு நண்பர்களுக்கு அவர்கள் கதை தெரிந்திருக்கும். வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்த தீவுக்கு, முதல்வர் லிம் சோங் யூ காலத்தில் 1972-ல் இன்டெல் வந்தது. எனக்குப் பிடித்தது 1989-ல் வந்த திறன் பயிற்சி மையம். என்ன கற்றுத்தர வேண்டும் என்பதைக் கம்பெனிகளே சேர்ந்து தீர்மானித்தன. அப்படியும், உலக பேக்கேஜிங்கிலும் சோதனையிலும் சுமார் 13 சதவீதம் வைத்திருக்கும் மலேசியாவால் ஒரு ஏஎஸ்இயை உருவாக்க முடியவில்லை.

இப்போது நம் முறை. 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய் அறிவித்தது. குஜராத் சானந்தில் மைக்ரான் ஆலைக்கு மதிப்பு 275 கோடி டாலர். மைக்ரான் போடுவது அதிகபட்சம் 82.5 கோடி டாலர். மீதியில் திட்டச் செலவின் பாதி மத்திய அரசு, 20 சதவீதம் குஜராத் அரசு. எங்கள் பேங்க்கில் கடைக்காரர் 30 சதவீதம் மார்ஜின் கொண்டு வந்தால் மீதியைக் கொடுப்போம், ஆனால் கடனாக, வட்டியோடு! இங்கே அந்த 70 கடனே இல்லை. கொடுப்பதில் தப்பில்லை, அமெரிக்காவும் கொடுக்கிறது. கட்டடத்துக்கும் மெஷினுக்கும் இவ்வளவு தரும்போது, ஆளைப் பழக்கவும் உள்ளூர் சப்ளையரை வளர்க்கவும் எவ்வளவு என்பதுதான் என் கேள்வி. ஊரிலிருந்து போன் பண்ணி "டிப்ளமோ முடிச்ச பையனுக்கு இதுல வேலை கிடைக்குமா சார்?" என்று கேட்பவர்களுக்கு அதை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

அஸ்ஸாம் ஜாகிரோடில் டாடாவின் 27,000 கோடி ஆலைக்கு 2024-ல் அனுமதி கிடைத்தபோது எல்லோரும் புதுசாகப் பேசினார்கள். நம்ம மறைமலை நகரில் ஸ்பெல் என்ற கம்பெனி 1980-களிலேயே இதே தொழிலில் இறங்கியது. செங்கல்பட்டு ரயிலில் அந்த ஊரைத் தாண்டிப் போன எத்தனை பேருக்கு அது தெரியும்?