தோட்டத்து வாசல்வரை: கிள்ளான், காப்பார் வட்டாரத்தில் பொதுச் சுகாதாரச் செலவின் வரலாறு

1901 ஜனவரியில் மால்கம் வாட்சன் மலாயாவின் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டுக் குடிமதிப்பின்படி கிள்ளான் நகரில் வாழ்ந்தவர்கள் 3,576 பேர். அந்த நகரிலும், செப்டம்பரில் புதிதாகத் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் (இன்றைய போர்ட் கிள்ளான்) ஓராண்டுக்குள் காய்ச்சலுக்குப் பலியானோர் 368 பேர். துறைமுகத்தில் சரக்கு இறக்க ஆளில்லை. திறந்த துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு அரசு வட்டாரத்தில் எழுந்தது.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்து அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. பனாமாவில் அமெரிக்கர்கள் கால்வாய் வேலையைத் தொடங்கியிருக்கவில்லை. வாட்சன் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டச் சொன்னார், புதர்க்காட்டை அழிக்கச் சொன்னார். துறைமுகத்தைச் சுற்றிக் கடல்நீர் ஏறாதபடி கரை எழுப்பச் சொன்னார். அரசு பணம் கொடுத்தது. அடுத்த ஆண்டு அவ்விரு ஊர்களிலும் காய்ச்சல் சாவு 59, அதற்கடுத்த ஆண்டு 46. வெப்ப மண்டல மருத்துவ வரலாற்று நூல்கள் கிள்ளானை நினைவில் வைத்திருப்பது இந்த எண்களுக்காகத்தான்.

வாட்சன் ஒப்பீட்டுக்காக இன்னொரு பட்டியலையும் வைத்திருந்தார். அதை யாரும் அவ்வளவாக எடுத்துப் பேசுவதில்லை. நகரையும் துறைமுகத்தையும் நீக்கிவிட்டு மாவட்டத்தின் மற்றப் பகுதிகளை மட்டும் கணக்கிட்டால், காய்ச்சல் சாவு 1902இல் 227, 1905இல் 351. காப்பார் முக்கிமும் (மாவட்டத்தின் உட்பிரிவு) அந்த 'மற்றப் பகுதி'யில் அடங்கியதே. காடழித்துப் பால்மரம் (ரப்பர்) நட்டுக்கொண்டிருந்த காலம் அது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கப்பலாக ஆள் வந்துகொண்டிருந்ததால் மக்கள்தொகையும் ஏறியது. ஆகவே இந்த ஏற்றம் முழுவதையும் நோயின் கணக்கில் எழுதுவது முறையல்ல. ஆயினும் ஒன்று தெளிவு. நோயைத் தடுக்கும் வழி தெரிந்திருந்தது, அது பலித்தும் காட்டியது. அரசின் பணமோ நகர எல்லையோடு நின்றுவிட்டது.

இந்த எல்லைக்கோடு இடம் மாறி மாறி இன்றுவரை தொடர்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். கிள்ளான் வட்டாரத்தின் சுகாதார வரலாற்றை மருந்தின் வரலாறாகவோ கட்டடங்களின் வரலாறாகவோ மட்டும் எழுதினால் போதாது. தொழிலாளியின் உடம்புக்கு ஆகும் செலவு யார் தலையில் என்ற வழக்கின் வரலாறாகவும் அதை எழுத வேண்டும்.

காலனி அரசு கண்ட தீர்வு எளியது: ஆளை இறக்கியவரே செலவையும் ஏற்கட்டும். ஒப்பந்தக் கூலிகளின் நிலையை ஆராய்ந்த பார் ஆணையம் 1910இல் தோட்டங்களின் சாவு விகிதத்தை அம்பலப்படுத்தியது. மறு ஆண்டே தோட்டத் தொழிலாளர் உடல்நலப் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் வந்தது. குடியிருப்பு, குடிநீர், மருத்துவமனை எல்லாம் தோட்ட முதலாளியின் பொறுப்பாயின. அரசு மேற்பார்வையோடு நிறுத்திக்கொண்டது.

அந்தப் பொறுப்பு எப்படி நிறைவேறியது என்பதை விடியற்காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) பார்க்கலாம். இருட்டோடு இருட்டாக ஆட்கள் வரிசை கட்டுவார்கள். கிராணி பேர் வாசிப்பார். காய்ச்சல் மிகுந்த தோட்டங்களில் டிரெசர் (மருந்து உதவியாளர்) வரிசையோடு நடந்து ஆளுக்கு ஒரு மடக்கு கொயினா (மலேரியா மருந்து) ஊற்றி, அதைத் துப்பாமல் விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பார். பிறகுதான் மரம் சீவப் போகலாம். படுத்துவிட்டவருக்கு அன்றைய கூலி இல்லை. மருத்துவப் படிப்பு அதிகம் இல்லாத அந்த டிரெசரே பெரும்பாலான தோட்டங்களில் வைத்தியர். தகுதி பெற்ற மருத்துவர் பல தோட்டங்களுக்குப் பொதுவாக எப்போதாவது வந்து போவார். இந்த ஏற்பாட்டில் தனி மனிதர்களின் நல்லெண்ணம் இல்லாமல் இல்லை. இரவு பகல் பாராமல் பிரசவம் பார்த்த டிரெசர்களைப் பற்றி இன்றும் முதியவர்கள் நன்றியோடு பேசுகிறார்கள். ஆனால் மருந்துச் செலவு உரச் செலவோடும் புல்வெட்டுச் செலவோடும் ஒரே பேரேட்டில் ஏறியது. ரப்பர் விலை சரிந்தால் மூன்றுமே குறைந்தன.

வாட்சன் பின்னாளில் அரசுப் பணியை விட்டுத் தோட்டங்களுக்கே மருத்துவரானார். எல்லாக் கொசுவையும் ஒழிக்கத் தேவையில்லை, அந்தந்த நிலத்தில் நோய் பரப்பும் இனத்தை மட்டும் குறிவைத்தால் போதும் என்பது அவர் கண்ட உண்மை. காப்பார் போன்ற கடலோரச் சமவெளியில் குற்றவாளி அனோபிலிஸ் அம்ப்ரோசஸ்; காட்டு நிழலில் தேங்கிய நீரில் பெருகுவது. காட்டை அழித்து நீரை வடித்து, லயங்களை (தொழிலாளரின் வரிசை வீடுகளை) காட்டோரத்திலிருந்து அரை மைல் தள்ளிக் கட்டினால் அது அற்றுப்போகும். மலைத் தோட்டங்களில் கதை நேர்மாறு. அங்கே அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வதால், காடழித்ததே நோயை வரவழைத்தது. கடலோரத் தோட்டங்கள் முந்தித் தேறியதற்கு முதலாளியின் கருணையைவிட இந்த நில அமைப்பே பெரிய காரணம் என்பேன்.

இடையில் ஒரு செய்தி. அதே காலத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரை வாரிக்கொண்டு போனது. புழுங்கல் அரிசி உண்ட தமிழருக்கு அது அரிதாகவே வந்தது. கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் பிளெட்சர் 1905இல் ஒரு சாராருக்குப் பச்சரிசியும் மறுசாராருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்துக் காரணம் சோற்றில்தான் என்று காட்டினார். ஊரிலிருந்து கொண்டுவந்த சோற்றுப் பழக்கம், எந்தத் துரையின் (தோட்ட நிர்வாகியின்) பேரேட்டிலும் ஏறாமல் தமிழரைக் காத்திருக்கிறது.

தனித்தனித் தோட்டமாகச் செய்யும் செலவு போதாது என்பதை அரசே உணர்ந்த தருணம் 1926. அவ்வாண்டின் சுகாதார வாரியச் சட்டம் தோட்டங்களிடம் வரி வசூலித்துப் பொது நிதியாக்கி, அதிலிருந்து மருத்துவமனைகளை நடத்தத் திட்டமிட்டது. தோட்ட முதலாளிகள் செலவைக் காட்டி எதிர்த்தார்கள். பெருமந்தம் வந்தது, திட்டம் கைவிடப்பட்டது. 1930 தொடங்கி மூன்று ஆண்டுகளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தாயகத்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். இந்த வரலாற்றில் கைநழுவிய வாய்ப்புகளுள் இதையே ஆகப் பெரியதாகக் கருதுகிறேன். நோயுற்றவரின் செலவை எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் முறை இங்கே அன்றே வேரூன்றியிருக்கக்கூடும்.

தொழிலாளர் தரப்பின் கணக்கு 1941இல் வெளிவந்தது. ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் சீனருக்கு இணையான கூலி இருந்தது. துரைக்கு முன்னால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்ற மானப் பிரச்சினை இருந்தது. கள்ளுக்கடையை மூடு என்பது இருந்தது. அவற்றோடு முறையான மருத்துவ வசதியும் இருந்தது. சட்டம் வந்து முப்பது ஆண்டு கழித்தும் அதைக் கேட்டுப் போராட வேண்டியிருந்தது என்பதைவிடச் சட்டத்தின் நடைமுறைக்கு வேறு சான்று வேண்டியதில்லை. மே மாதம் நாதன் கைதானார், பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் படை இறக்கப்பட்டது.

விடுதலைக்குப் பிறகு நாடு செய்த செலவு உண்மையிலேயே பெருமைக்குரியது. கிராமந்தோறும் சுகாதார நிலையங்களும் பிரசவ நிலையங்களும் எழுந்தன. 1957இல் தீபகற்பத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 75க்கு மேல் முதலாண்டிலேயே இறந்தன; இன்று அது ஒற்றை இலக்கம். ஆனால் தோட்டம் தனியார் நிலம் என்பதால் கிராம வளர்ச்சித் திட்டங்கள் அதன் வாசலில் நின்றுவிட்டன. கம்பத்துக்குப் போன தாதி லயத்துக்கு வரவில்லை. 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, சிறு உரிமையாளர்களும் குத்தகைக்காரர்களும் மருத்துவச் செலவைக் கைகழுவினார்கள். 1966, 1990 ஆகிய ஆண்டுகளின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டங்கள் ஆயா கொட்டகை முதல் தோட்ட மருத்துவமனை வரை விதித்தன. பொறுப்பு அப்போதும் முதலாளியிடமே இருந்தது.

பிறகு தோட்டங்களே மறைந்தன. நோர்த் ஹம்மாக் தோட்டம் செத்தியா ஆலாம் ஆயிற்று. புக்கிட் ராஜா தோட்டம் பண்டார் புக்கிட் ராஜா ஆயிற்று. வேலையோடு வீட்டையும் டிரெசரையும் இழந்த குடும்பங்கள் அரசுக் கிளினிக்கின் ஒரு ரிங்கிட் கட்டணத்துக்கும், 1985இல் திறக்கப்பட்ட கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கும் வந்து சேர்ந்தன. மருந்தோடு சேர்த்து ஒரு ரிங்கிட் என்பது உலகில் எளிதில் கிடைக்காத பாதுகாப்பு. தோட்டத் தமிழர் அரசின் சுகாதாரக் கணக்கில் முழுமையாகச் சேர்ந்தது தோட்டம் போன பின்புதான் என்பது கசப்பான உண்மை.

இப்போது கோடு வேறிடத்தில் இருக்கிறது. 2020 நவம்பரில் காப்பாருக்குப் பக்கத்து மேருவில், டாப் கிளவ் கையுறைத் தொழிலாளர் விடுதிகளில் கோவிட் தொற்று பரவியது. அந்நிறுவனத்தின் 28 ஆலைகளைக் கட்டங்கட்டமாக மூட அரசு உத்தரவிட்டது. நெருக்கடியான விடுதிகளுக்காகப் பின்னர் தொடரப்பட்ட வழக்குகள் 446ஆம் சட்டத்தின் கீழ் வந்தவை. தோட்டங்களையும் சுரங்கங்களையும் மனத்தில் வைத்து எழுதிய அந்த 1990ஆம் ஆண்டுச் சட்டம், 2019 திருத்தத்துக்குப் பிறகே பிற துறை விடுதிகளுக்கும் நீண்டது. நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து பாடுபடும் இவர்களுக்கு அரசு மருத்துவமனையில் அந்நியர் கட்டணம். கட்டாய மருத்துவக் காப்பீடு 2011இல் வந்தபோது அதன் சந்தா ஆண்டுக்கு 120 ரிங்கிட். அந்தக் கட்டாயமும் தோட்டத் துறைக்குக் கிடையாது. தோட்டம் தன் ஆளைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற 1911ஆம் ஆண்டு நம்பிக்கை அந்த விலக்கில் உயிரோடு இருப்பதாகவே நான் வாசிக்கிறேன்.

சுகாதார அமைச்சின் ஒதுக்கீடு 2023இல் 3,630 கோடி ரிங்கிட், 2025இல் 4,530 கோடி. 2023 ஜூனில் மக்களவை ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கை, பொதுச் செலவை நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காட்டை நோக்கி உயர்த்த வேண்டும் என்கிறது. அந்த உயர்வை வரவேற்கிறேன். நிதி திரட்டும் முறை எழுதப்படும்போது, 1926இல் கைவிட்ட ஏற்பாட்டை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும்: முதலாளிகளிடம் வசூலித்துப் பொது நிதியாக்கி, மேரு விடுதியில் இருப்பவருக்கும் காப்பார்த் தாமானில் (குடியிருப்பில்) இருப்பவருக்கும் ஒரே கிளினிக்கில், ஒரே கட்டணத்தில் வைத்தியம்.