உமிக்கரியும் கல்லுப்பும்: ஒதியம்பட்டுப் பக்கத்துப் பல்பொடி

நெல் உமியை முழுதும் எரியவிடாமல் கருக்கி எடுப்பது உமிக்கரி. புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில் உள்ள ஒதியம்பட்டு போன்ற நெல் விளையும் ஊர்களில், பற்பசை வருவதற்கு முன் பல் விளக்க வீட்டிலேயே கிடைத்த பொடி இதுதான். இதற்கெனத் தனியாக எதையும் விலைகொடுத்து வாங்கவில்லை. நெல் குத்தினால் உமி மிஞ்சும், அடுப்பில் தணல் இருக்கும், அடுக்களைச் சட்டியில் கல்லுப்பு இருக்கும். பல்பொடி அந்த வீட்டு வேலைகளின் மிச்சத்தில் பிறந்தது. அதன் வரலாறும் அந்த வேலைகளோடு பின்னியதே.

செய்முறையில் பதம்தான் எல்லாம். உமியைக் குவித்து நடுவில் தணலை வைப்பார்கள். தீ கொழுந்துவிடக் கூடாது, உள்ளுக்குள்ளேயே கனன்று புகைய வேண்டும். கருமை மேலேறி வரும்போது கிளறிவிட்டு, வெளுக்கத் தொடங்குமுன் தண்ணீர் தெளித்து அணைப்பார்கள். கொஞ்சம் அசந்தால் கரி போய்ச் சாம்பல்தான் மிஞ்சும். ஆறிய கரியை உரலில் இடித்து, மெல்லிய துணியில் சலித்து, பொடித்த உப்பைக் கலப்பார்கள். இரண்டு விரலுக்கிடையே வைத்துத் தேய்த்தால் நறநறக்காமல் மை போல் ஒட்ட வேண்டும். நறநறத்தால் மறுபடி உரலுக்குப் போகும். உமியை எரித்தால் அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. இன்றைய பற்பசைகள் பலவற்றிலும் அழுக்கைத் தேய்த்தெடுப்பது சிலிக்காவே.

உமி வீட்டுடையது, உப்பு அப்படியல்ல. புதுச்சேரியின் உப்பளங்கள் இரண்டு அரசுகளின் பேரத்துக்குள் சிக்கியிருந்தன. 1815 மார்ச் 7 அன்று கையெழுத்தான உடன்படிக்கைப்படி, உள்ளூர்த் தேவை போக மீதி உப்பு முழுவதையும் வாங்கும் தனியுரிமை ஆங்கிலேயருக்குப் போனது. ஈடாகப் பிரெஞ்சு அரசுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் கிடைத்தது. 1818 உடன்படிக்கைக்குப் பின் இங்கே உப்பு எடுப்பதே நிறுத்தப்பட்டது. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும், பல் விளக்கும் ஒரு சிட்டிகை உப்புக்குக்கூட ஆங்கிலேயரின் உப்பைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

பொடியைவிடப் பழையது குச்சி. காலையில் எழுந்ததும் கோல் மென்று பல் துலக்குவதைப் பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்றான ஆசாரக்கோவை அன்றாட ஒழுக்கமாகவே சொல்கிறது. வேப்பங்குச்சி, ஆலவிழுது, கருவேலங்குச்சி, நாயுருவி வேர் எல்லாம் வேலியோரத்திலும் ஏரிக்கரையிலும் ஒடித்தெடுத்தவை. மென்று நாராக்கிய நுனியே தூரிகை, குச்சியைப் பிளந்தால் அதுவே நாக்கு வழிப்பான். ஈறு வீங்கினால் கடுக்காய், படிகாரம், மாசிக்காய், கிராம்பு ஆகியவை பொடியில் சேர்ந்தன. அவற்றில் துவர்ப்பானவை ஈற்றை இறுக்கின, கிராம்பு வலியை மரக்கச் செய்தது. சாணச் சாம்பலும் செங்கல் தூளும்கூடப் புழங்கின. செங்கல் தூள் பல்லை அரித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைப்பொடிகள் இருபதாம் நூற்றாண்டில் பரவின. மைசூர்ப் பக்கத்து நஞ்சன்கூட்டிலிருந்து வந்த இளஞ்சிவப்புப் பொடி தமிழ் வீடுகளிலும் அறிமுகமானது. பற்பசையைப் பொறுத்தவரை, 1937இல் கோல்கேட் இந்தியாவில் தன் நிறுவனத்தைப் பதிவு செய்தது. புகையிலை கலந்த பொடிகளும் சந்தையில் விற்றன. பல் துலக்குவதாக எண்ணியே பலர் புகையிலைக்கு அடிமையானார்கள். இந்திய அரசு 1992இல்தான் பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலையைத் தடை செய்தது.

உமிக்கரியை வீட்டிலிருந்து வெளியேற்றியது பற்பசை விளம்பரம் மட்டுமன்று. நெல் குத்துவது அரவை ஆலைக்குப் போனதும் உமி வீட்டுக்கு வருவது நின்றது. அது ஆலைக் கொதிகலனுக்கு எரிபொருளானது. எரிவாயு அடுப்பு வந்ததும் தணலும் போனது. மிஞ்சியது உப்பு மட்டும்.

இப்போது வீட்டில் பற்பசை செய்வோர் தேங்காயெண்ணெய், சமையல் சோடா, கிராம்பெண்ணெய் ஆகியவற்றைக் குழைக்கிறார்கள், சிலர் கரித்தூளும் சேர்க்கிறார்கள். இவற்றில் ஃபுளோரைடு இல்லை. சொத்தையைத் தடுப்பதில் அதன் பங்கை ஏற்று, உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஃபுளோரைடு பற்பசையை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. கரியை இன்றும் விரும்புவோருக்குப் பழைய துணிச் சலிப்பே காப்பு. பரல் பரலாக நிற்கும் கரியை நாள்தோறும் அழுத்தித் தேய்த்தால் எனாமல் தேய்ந்து பல் கூசும். தேய்ந்த எனாமல் மறுபடி வளராது.