பதினாறு மாத்திரைகளின் வரம்பு

தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் நாம் தயக்கமின்றி எடுத்து விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரையை பிரிட்டன் நாட்டின் மளிகைக் கடையிலோ பேரங்காடியிலோ ஒருவர் வாங்கச் சென்றால், ஒரு பெட்டியில் 16 மாத்திரைகளுக்கு மேல் இருக்காது. மருந்தாளுநர் அமர்ந்திருக்கும் மருந்துக் கடையில் ஒரு பெட்டிக்கு 32. தகுந்த காரணம் கண்டால் மருந்தாளுநர் சற்றுக் கூடுதலாகத் தரலாம். நூறைத் தாண்டவேண்டுமாயின் மருத்துவரின் சீட்டு வேண்டும். இவ்விதி 1998-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் பொதுக் கடைகளில் 24 வரை இருந்தது. மருந்துக் கடைகளில் பெட்டிக்கு வரம்பே இல்லை. ஆஸ்பிரினும் இவ்விதிக்குள் அடங்கும்.

குடிமக்கள் தங்கள் காசைக் கொடுத்து வாங்கும் எளிய மருந்தை ஓர் அரசு ஏன் எண்ணிப் பார்த்துத் தரவேண்டும்? அதன் பின்னால், எத்தனையோ வீடுகளில் நள்ளிரவில் நடந்தேறிய துயரங்களின் வரலாறு ஒன்று இருக்கிறது.

இம்மருந்தின் பிறப்பே ஒரு தவறுதலில் தொடங்குகிறது. 1886-இல் ஸ்டிராஸ்பூர்க் நகரில் கான், ஹெப் என்னும் இரு இளம் மருத்துவர்கள், குடற்புழுவால் துன்புற்ற நோயாளிக்கு நாப்தலீன் கொடுப்பதாக எண்ணி, மருந்துக் கடையிலிருந்து மாறிவந்த அசிட்டனிலைடு என்னும் வேறொரு பொருளைக் கொடுத்தார்கள். புழு ஒழியவில்லை; காய்ச்சல் தணிந்தது! அந்தப் பொருள் இரத்தத்திற்குக் கேடு விளைவிப்பதாக இருந்ததால், அதன் உறவுப் பொருள்களை வேதியியலார் ஒவ்வொன்றாகச் சோதித்தனர். அவற்றுள் ஒன்றே பாரசிட்டமால். எனினும் அது ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்காலம் ஏறெடுத்துப் பார்ப்பாரின்றிக் கிடந்தது. 1948-இல் அமெரிக்காவில் பிராடி, ஆக்சல்ராட் என்னும் இருவர், பழைய மருந்துகள் உடலுக்குள் சென்று பாரசிட்டமாலாக மாறியே வலியைப் போக்குகின்றன என்று நிறுவியபின் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. 1956-இல் பிரிட்டனில் 'பனடால்' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. வயிற்றைப் புண்ணாக்காத, குழந்தைக்கும் கொடுக்கத்தக்க மருந்து என்று வீடுகள்தோறும் இடம் பிடித்தது.

பத்தாண்டுகள் கழியுமுன் நிழலும் தெரிந்தது. 1966-இல் பிரிட்டன் மருத்துவர்கள், இம்மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டவர்களின் ஈரல் சிதைந்து போவதை மருத்துவ இதழில் வெளியிட்டனர். உட்கொள்ளும் மருந்தில் ஒரு சிறுபகுதியை நம் ஈரல் நச்சுப் பொருளாக மாற்றுகிறது. அந்நஞ்சை முறிக்கும் பொருளொன்று ஈரலிலேயே சேமிப்பில் இருப்பதால் நமக்குத் தீங்கில்லை. அளவு மீறினால் அச்சேமிப்பு தீர்ந்துபோகிறது; நஞ்சு ஈரலையே தாக்குகிறது.

இந்நஞ்சின் கொடுமை அதன் தாமதத்தில் இருக்கிறது. துயரத்தின் வேகத்தில் மாத்திரைகளை விழுங்கியவர் உறங்கிப்போவதில்லை, மயங்குவதும் இல்லை. முதல் நாளில் சிறிது குமட்டல் அன்றிப் பெரிதாக ஒன்றும் தோன்றாமல் போகலாம். அதற்குள் அவர் மனம் மாறியிருப்பார். தாயிடம் அழுது மன்னிப்புக் கேட்டிருப்பார். வாழவேண்டும் என்று உறுதி கொண்டிருப்பார். இரண்டு, மூன்று நாள் கழித்தே ஈரல் தன் தோல்வியை அறிவிக்கும். வாழ விரும்பி மருத்துவமனைப் படுக்கையில் கிடந்து இறந்த இளைஞர்களைக் கண்ட மருத்துவர்கள்தாம் இம்மாத்திரையைப் பற்றி முதலில் குரல் எழுப்பினார்கள் என்பதில் வியப்பில்லை. 1970-களில் எடின்பரோ நகரின் லாரி பிரெஸ்காட்டும் அவர்தம் குழுவினரும் அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்தின் பயனை மெய்ப்பித்தனர். எட்டு மணி நேரத்திற்குள் அதைச் செலுத்தினால் ஈரலைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஆகவே, நலமாக இருப்பதுபோலத் தோன்றினாலும் அக்கணமே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டாரும் இதை அறிந்திருத்தல் நன்று.

ஆயினும், மருத்துவமனைக்கு வராதவரை எப்படிக் காப்பது? ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் உளமருத்துவர் கீத் ஹாட்டன் இவ்வினாவோடு பல்லாண்டுகள் உழைத்தவர். 1990-களின் நடுவில் அவரும் அவருடைய துணைவரும், உயிர் தப்பியவர்களிடமே அமர்ந்து விசாரித்தனர். அவ்வெண்ணம் எழுந்து சிறிது நேரத்திற்குள்ளேயே செயலில் இறங்கியவர் பலர். வீட்டு அலமாரியில் ஏற்கெனவே கிடந்த மாத்திரைகளை எடுத்தவர் பலர். இம்மருந்து எப்படிக் கொல்லும் என்பதைச் சரிவர அறியாதவரும் மிகுதி. சாவைத் தேடி வெகுதொலைவு நடந்தவர்கள் அல்லர் அவர்கள். கைக்கெட்டிய தூரத்தில் அது கிடந்தது. பெட்டியின் அளவுக்கு முன்னரே வரம்பிட்டிருந்த பிரான்சில் இத்தகைய மரணங்கள் குறைவு என்பதும் அக்காலத்தில் எடுத்துக்காட்டப்பட்டது.

முறிமருந்தை மாத்திரைக்குள்ளேயே கலந்து விற்கலாமே என்று சொன்னவர்களும் உண்டு. நலமாயிருப்போர் அனைவருக்கும் வேண்டாத மருந்தை ஊட்டுவதா, விலையேற்றத்தை யார் ஏற்பது என்ற தடைகள் எழுந்தன. இறுதியில் பெட்டியைச் சிறிதாக்குவது என்று முடிவாயிற்று.

எளிய அறிவுடையோர் எவரும் எழுப்பக்கூடிய ஒரு மறுப்பு இங்கே உண்டு. சாகத் துணிந்தவன் இரண்டு கடைகளுக்குப் போகமாட்டானா? நாமும் இதை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆனால் பிரிட்டனே முன்னரே அறியாமல் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் அந்நாட்டு வீடுகளின் அடுப்புகளில் எரிந்த நிலக்கரி வாயு நஞ்சு மிக்கது. 1963-இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் தற்கொலையால் இறந்தோர் 5,714 பேர். அவர்களுள் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேல் அந்த வாயுவால் மாண்டவர்கள். பின்னர், மலிவு கருதி, நஞ்சு குறைந்த வாயுவும் வடகடலின் இயற்கை வாயுவும் குழாய்களில் வந்தன. 1975-இல் மொத்தத் தற்கொலைகளே 3,693 ஆகக் குறைந்தன. ஒரு வழி அடைபட்டதும் அனைவரும் வேறு வழி தேடிப் போகவில்லை. அந்த ஆண்டுகளில் அந்நாட்டில் வேலையின்மை பெருகியதேயன்றிக் குறையவில்லை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். யாரும் எதிர்பார்க்கவுமில்லை, திட்டமிடவுமில்லை. உயிர்கள் மட்டும் தப்பின.

தற்கொலையை நன்கு ஆய்ந்து தெளிந்து எடுத்த முடிவு என்றே உலகம் நெடுங்காலம் எண்ணியது. சட்டமும் அப்படியே கருதியது. 1961 வரை இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி ஒரு குற்றம். நம் திருச்சபையும் 1917-ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பில், தெளிந்த மனத்தோடு தம் உயிரை மாய்த்துக்கொண்டோருக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்திருந்தது. மந்திரித்த நிலத்திற்கு வெளியே புதைக்கப்பட்ட பிள்ளைகளுக்காக எத்தனை தாய்மார் வாய்திறந்து அழவும் நாணினார்களோ! 1983-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தொகுப்பில் அந்தத் தடை இடம்பெறவில்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, உயிர் நமது உடைமையன்று, இறைவன் நம்மிடம் ஒப்படைத்தது என்பதை உறுதியாகச் சொல்கிறது. அதே இடத்தில், கடும் உளநோயும் வேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் கற்பிக்கிறது. உயிர் தப்பியோரின் வாய்மொழியிலிருந்து ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் அறிந்ததும் இதையே அல்லவா? அந்த நேரத்தில் செயல்படுவது முழு மனிதன் அல்லன். அவனைப் பிடித்து உலுக்கும் வேதனை. அவ்வேதனை தணியும்வரை சிறிது நேரம் கிடைத்தால் போதும்.

இணைச்சட்ட நூலில் ஒரு சிறிய கட்டளை இருக்கிறது. புது வீடு கட்டுகிறவர் தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும். இல்லையேல் விழுந்தவரின் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் சாரும் (இச 22:8). விழுந்தவர் கவனமின்றி நடந்தாரா என்று அக்கட்டளை விசாரிப்பதில்லை. சுவர் இருந்ததா என்று மட்டுமே வீட்டுக்காரரைக் கேட்கிறது. மாத்திரைப் பெட்டியின் வரம்பை நாம் இந்தக் கண்ணோடு காண்கிறோம். தலைவலிக்காரர் இன்னொரு முறை கடைக்கு நடக்கவேண்டியிருக்கிறது; யாரென்றே அறியாத ஒருவருக்காக ஒரு நாடு முழுவதும் அந்தச் சிறு சிரமத்தைப் பகிர்ந்துகொள்கிறது.

பலன் என்ன? ஹாட்டன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, சட்டம் வந்தபின் கடந்த 11 ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்சிலும் பாரசிட்டமாலால் நேர்ந்த தற்கொலை மரணங்கள், முன்பிருந்த போக்கின்படி எதிர்பார்க்கத்தக்கதைவிட நூற்றுக்கு 43 பங்கு குறைந்தன என்று கணக்கிட்டது. ஏறத்தாழ 765 உயிர்கள். இம்மருந்தால் ஈரல் பழுதாகி மாற்று ஈரலுக்குப் பதிவு செய்வோர் தொகையும் நூற்றுக்கு 61 பங்கு குறைந்தது. மறுத்துரைத்தவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தில் அத்தகைய வீழ்ச்சி தெளிவாகத் தெரியவில்லை என்றும், அக்காலத்தில் பொதுவாகவே தற்கொலைகள் குறைந்துவந்தன என்றும் அவர்கள் வாதிட்டனர். அவ்வாதத்தில் பொருளில்லாமல் இல்லை. ஆயினும் அயல்நாடுகள் காத்திருக்கவில்லை. அயர்லாந்து 2001-இலேயே பொதுக் கடைகளுக்கு 12, மருந்துக் கடைகளுக்கு 24 என்று பிரிட்டனைவிடக் கண்டிப்பான வரம்பை விதித்தது. சுவீடன் 2009-இல் மருந்துக் கடைக்கு வெளியேயும் விற்க வழிவிட்டு, நச்சுப் பாதிப்புகள் பெருகக் கண்டு, 2015 நவம்பரில் பொதுக் கடைகளிலிருந்து மாத்திரைகளை அகற்றியது. ஆஸ்திரேலியா 2025 பெப்ரவரி முதல் பேரங்காடிப் பெட்டியை 20-லிருந்து 16-ஆகவும், மருந்துக் கடைப் பெட்டியை 100-லிருந்து 50-ஆகவும் குறைத்தது.

நம் பக்கத்தில் இந்த வரலாறு மாத்திரையோடு நிற்பதில்லை. இங்கே வீட்டுக்குள் கிடக்கும் நஞ்சு பெரும்பாலும் வயலுக்கானது. இலங்கையில் 1995-இல் இலட்சம் பேருக்கு 47 என்றிருந்த தற்கொலை, கொடிய பூச்சிமருந்துகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டபின் 2005-இல் 24-ஆகக் குறைந்தது. இடையில் போரும் வறுமையும் நீங்கிவிடவில்லை. தமிழ்நாட்டில், 1986-இல் சென்னையில் 'சினேகா' என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய உளமருத்துவர் இலட்சுமி விஜயகுமார், கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பகுதிச் சிற்றூர்களில் ஓர் எளிய முயற்சியை மேற்கொண்டார். ஊருக்குப் பொதுவான ஒரு கட்டடம். அதில் உழவர்களுக்குப் பூட்டுடன் கூடிய தனித்தனிப் பெட்டிகள். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைத்துப் பூட்டி, தெளிக்கும் நாளில் எடுத்துக்கொள்ளவேண்டும். சிறிய அளவிலான ஆய்வுதான். அப்பெட்டிகள் வைக்கப்பட்ட ஊர்களில் தற்கொலை குறைந்ததாக 2013-இல் அதன் முடிவு வெளியாயிற்று. வீட்டில் சண்டை மூண்ட இரவில், அந்த ஊர்களின் உத்தரத்து இடுக்கில் கைவிட்டால் புட்டி இருக்காது. திறவுகோலை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து நடக்கவேண்டும்.