இளைய டிரையாஸ்: படிவுச் சான்றுகள்

இளைய டிரையாஸ் என்பது கடைசிப் பனியூழி முடிந்து உலகம் சூடேறி வந்தபோது குறுக்கிட்ட குளிர்கட்டம். ஏறத்தாழ 12,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. உருகிய பனிநீர் வட அட்லாண்டிக்கில் கலந்து கடலோட்டத்தைத் தளர்த்தியதே காரணம் என்பது பரவலான கருத்து, விவாதம் ஓயவில்லை. பழைய தட்பவெப்பத்தை அறியக் கிரீன்லாந்துப் பனியைத் துளையிடுவதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முன்பே இந்தக் குளிர்கட்டத்தின் தடயம் ஏரிச்சேற்றில் கிடைத்துவிட்டது.

கோபன்ஹேகனுக்கு வடக்கே அல்லெரோட் என்ற ஊரின் களிமண் குழியில் ஹார்ட்ஸ், மில்தர்ஸ் என்ற இருவர் கண்டதை 1901-இல் வெளியிட்டனர். மேலும் கீழும் களிமண். அதில் துருவ நாடுகளில் தரையோடு படரும் டிரையாஸ் செடியின் சின்னஞ்சிறு இலைகள். இடையில் பழுப்பான ஏரிச்சேறு. அதில் பிர்ச் மரத்தின் மிச்சங்கள். குளிர், வெதுவெதுப்பு, மறுபடி குளிர் என்ற வரிசைக்கு நுண்ணோக்கிகூடத் தேவைப்படவில்லை. 1916-இல் லென்னார்ட் வான் போஸ்ட் மகரந்தத் துகள்களை எண்ணும் முறையை முன்வைத்தபின், ஐரோப்பாவின் வேறு பல ஏரிகளிலும் இவ்வரிசை தெரியவந்தது.

ஆனால் மாற்றம் நூற்றாண்டுகளில் நடந்ததா, சில ஆண்டுகளிலா? இதற்கு ஆண்டுக்கோர் அடுக்காகப் படிந்த வண்டல் வேண்டும். சுவீடனில் பனியாற்று வண்டலின் ஆண்டடுக்குகளை எண்ணி வழிகாட்டியவர் கெரார்ட் டி கீர். வெனிசுவேலாவை ஒட்டிய கரியாக்கோ கடற்படுகை இவ்வகையில் ஒரு பொக்கிஷம். அதன் ஆழ்நீரில் ஆக்சிஜன் இல்லை. எனவே சேற்றைக் கிளறும் புழுக்களும் இல்லை. காற்று வலுக்கும் மாதங்களில் மிதவையுயிரிகளின் வெளிர்படிவு, மழை மாதங்களில் ஆறுகள் சேர்க்கும் கருமண்: இந்த இணை ஓர் ஆண்டு. சேற்றின் நிறமாற்றத்தை அளந்த கான்ராட் ஹ்யூகன் குழு, வட அட்லாண்டிக்கின் திடீர் மாற்றங்கள் வெப்பமண்டலத்திலும் பதிந்திருப்பதை 1996-இல் காட்டியது.

ஜெர்மனியின் மேர்ஃபெல்டர் மார் என்ற எரிமலைவாய் ஏரி இன்னும் நுட்பமானது. அக்கிம் பிரவுவர் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இளைய டிரையாஸின் தொடக்கத்தில், இந்த ஏரியின் அடுக்குக் கணக்கில் 12,679 ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் இடையில், இலையுதிர்காலம் முதல் வசந்தம்வரை வீசிய புயற்காற்று சட்டென வலுத்தது.

அரபிக்கடலில் சான்று வேறு வடிவில் கிடைக்கிறது. பாகிஸ்தான் கரையோரச் சேற்றில் 1,10,000 ஆண்டு வரலாற்றைப் படித்து ஷுல்ஸ் முதலானோர் 1998-இல் எழுதினர்: வட அட்லாண்டிக் மிதமாக இருந்த காலங்களில் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து, உயிர்ச்சத்து மிகுந்த மெல்லடுக்குகள் குலையாமல் படிந்தன, அங்கு குளிர்ந்தபோது இங்கு பருவக்காற்று தளர்ந்தது, அடியில் வாழ்ந்த உயிரிகள் அடுக்குகளைக் கலைத்துப்போட்டன.