ஓர் ஆசிரியர் பெயரில் அருங்காட்சியகம்

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப்போர்ப் பாடம் நடக்கும்போது எப்படியும் ஒரு கை உயரும். “ஏனுங்க சார், அறுபது லட்சம் யூதர்களைக் கொல்ற வரைக்கும் ஒருத்தருகூடத் திருப்பி அடிக்கலீங்களா?” ஆடிப் பதினெட்டு என்றாலே ஓடாநிலையும் சங்ககிரியும் தீரன் சின்னமலையும் நினைவுக்கு வரும் மண்ணில் பிள்ளைகள் இப்படித்தான் கேட்பார்கள். அதிலும் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையைப் பார்த்து வளர்ந்த அந்தியூர்ப் பிள்ளைகளுக்கு எதிர்ப்பு என்றால் குதிரையும் வாளும்தான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்போய்த்தான் நம் வரலாற்று மன்றம் தனக்கென ஒரு பாடத்தை உருவாக்கிக்கொண்டது. பள்ளி மலர்க் குழுவினர் என்னிடம் மன்றத்தின் வரலாற்றைக் கேட்டார்கள். மன்றத்தின் வரலாறு பத்து வரியில் முடிந்துவிடும். எந்த அருங்காட்சியகத்தைப் பார்த்து நாங்கள் பாடம் நடத்தக் கற்றோமோ, அதன் வரலாறுதான் எழுதத் தக்கது.

இஸ்ரேலின் வடக்கில், அக்கோ நகருக்கும் நஹாரியாவுக்கும் நடுவே ஒரு கூட்டுப்பண்ணைக் கிராமம் இருக்கிறது. பெயர் ‘லொஹமே ஹகெத்தாவோத்’, அதாவது கெட்டோப் போராளிகள்; கெட்டோ என்பது நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த நகர்ப் பகுதி. 1949 ஏப்ரல் 19 அன்று அதை நிறுவியவர்களில் ஸிவியா லுபெட்கினும் யிட்ஸாக் சுக்கர்மனும் முக்கியமானவர்கள். நாளைக் காரணத்தோடுதான் தேர்ந்தெடுத்தார்கள். 1942 கோடையில் வார்சா கெட்டோவிலிருந்து ஏறத்தாழ 2,65,000 பேரை நாஜிகள் ரயிலேற்றி ட்ரெப்ளிங்காவின் விஷவாயு அறைகளுக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்தவர்களையும் அள்ளிச் செல்ல 1943 ஏப்ரல் 19 அன்று படை நுழைந்தபோது, சில நூறு இளைஞர்கள் கைத்துப்பாக்கிகளோடும் தாங்களே செய்த குண்டுகளோடும் எதிர்த்து நின்றார்கள். அவர்களின் தளபதி மொர்தெகாய் அனியெலெவிச்சுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. மே 8 அன்று மிலா தெரு 18ஆம் எண் பதுங்கறை வீழ்ந்தது, அவரும் இறந்தார். இரண்டு நாள் கழித்துச் சாக்கடைக் குழாய் வழியே தப்பிய சிலரில் ஸிவியாவும் ஒருவர். சுக்கர்மன் கெட்டோ மதிலுக்கு வெளியே ஆயுதம் திரட்டிக்கொண்டிருந்ததால் பிழைத்தார்.

தப்பிப் பிழைத்த இவர்கள் கிராமத்தோடு சேர்த்தே ஓர் அருங்காட்சியகத்தையும் தொடங்கினார்கள். யூதப் பேரழிவுக்காக உலகில் எழுந்த முதல் அருங்காட்சியகங்களுள் அது ஒன்று. தளபதியின் பெயரை வைத்திருக்கலாம்; யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களோ யிட்ஸாக் கட்ஸெனெல்சன் என்ற ஆசிரியரின் பெயரை வைத்தார்கள்.

கட்ஸெனெல்சன் கவிஞர்; லோட்ஸ் நகரில் பள்ளி நடத்தியவர். வார்சா கெட்டோவில் உயர்நிலைக் கல்விக்குத் தடை இருந்தபோது, ‘த்ரோர்’ என்ற இளைஞர் இயக்கம் ரகசியமாக நடத்திய பள்ளியில் பாடம் சொன்னார். பிற்பாடு துப்பாக்கி தேடி அலைந்ததும் அதே இயக்கம்தான். மனைவியையும் இளைய மகன்கள் இருவரையும் ட்ரெப்ளிங்காவுக்குப் பறிகொடுத்தவர், மூத்த மகனோடு பிரான்ஸின் விட்டெல் முகாமில் அடைபட்டார். அங்கே தன் இன மக்களுக்காக எழுதிய நீண்ட கவிதையைப் புட்டிகளில் அடைத்து மரத்தடியில் புதைத்தார். 1944இல் தந்தையும் மகனும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். உடனிருந்த கைதி மிரியம் நோவிச் போருக்குப் பின் அந்தப் புட்டிகளைத் தோண்டி எடுத்தார். பிறகு இந்த அருங்காட்சியகத்துக்காக ஐரோப்பா முழுவதும் சுற்றி ஓவியங்களையும் ஆவணங்களையும் சேகரித்தவரும் அவரே.

எங்கள் பாடமும் இந்த வரிசையில்தான் போகிறது. முதலில் ரகசிய வகுப்பு, பிறகு கெட்டோவுக்குள் ரொட்டி கடத்தல், கடைசியில்தான் கைத்துப்பாக்கி. துப்பாக்கியில் தொடங்கினால் பையன்கள் சினிமாச் சண்டையாக்கி விடுகிறார்கள், பார்த்திருக்கிறோம்.

காட்டில் மறைந்து போராடிய பீல்ஸ்கி சகோதரர்கள் பற்றிய பகுதிதான் இங்கே நன்றாக எடுபடுகிறது. இன்றைய பெலாரஸின் நலிபோக்கி காட்டில் கிழவர், பெண்கள், குழந்தைகள் உட்பட சுமார் 1,200 யூதர்களை அவர்கள் காப்பாற்றினார்கள். காட்டுக்குள்ளேயே ரொட்டி அடுப்பு, மாவு ஆலை, செருப்புப் பட்டறை, பள்ளி எல்லாம் இருந்தன. பர்கூர் மலையிலிருந்து வரும் ஒரு பெண் கேட்டாள்: “அத்தனை பேருக்குச் சமைச்சாப் புகை தெரியுமுங்களே சார்?” காடு தெரிந்தவர்களுக்கே தோன்றும் சந்தேகம். 1943இல் ஜெர்மானியர் காட்டைச் சல்லடை போட்டுச் சலித்தபோது சதுப்பு நிலத்தில் நடந்து தப்பினார்கள் என்றதும், தண்ணீரும் சோறும் எப்படி என்று அடுத்த கேள்வி வந்தது.

கசப்பான ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். லொஹமே ஹகெத்தாவோத் கூட்டுப்பண்ணை எழுந்தது, 1948இல் குடிகள் வெளியேற்றப்பட்ட அஸ்-சுமைரியா என்ற பாலஸ்தீனக் கிராமத்தின் நிலத்தில். அருங்காட்சியகத்தில் 1995இல் தொடங்கிய மனிதநேயக் கல்வி மையம் யூத, அரபு மாணவர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் நடத்தியது. கொல்லப்பட்ட 15 லட்சம் குழந்தைகளின் நினைவாகச் சிறுவர்களுக்கென்றே ‘யாத் லயேலெத்’ பகுதி திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

இத்தனையையும் ஒரு பீரியடில் சொல்லி முடியாது. மணி அடிக்கிற நேரத்தில்தான் பிள்ளைகள் நல்ல கேள்வி கேட்கிறார்கள். வரும் கல்வியாண்டிலிருந்து இதற்குத் தொடர்ச்சியாக இரண்டு பீரியட் ஒதுக்கித் தருமாறு தலைமையாசிரியர் அவர்களை இம்மலர் வழியாகவே கேட்டுக்கொள்கிறேன்.